அண்ணை என்று சொன்னது

அந்த ஊர்ப் பத்திரிகையை நாங்கள் அதுவரை வாசித்ததே இல்லை. மழையில் ஊறிய சப்பாத்துகளுக்குள் கசக்கித் திணிப்போம், வெங்காயம் உரிக்கும்போது மேசையில் விரிப்போம், குளிர் புகும் யன்னல் இடுக்குகளில் மடித்துச் செருகுவோம். தெருமுனைப் பேக்கரிக்காரி விற்காமல் மிஞ்சியதைக் கட்டாகக் கட்டி எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போவாள். நாங்கள் வாசிப்போம் என்று நினைத்தாளோ, அடுப்பு மூட்டுவோம் என்று நினைத்தாளோ தெரியாது. ஒரு நாள் வெங்காயத்தோலுக்கு நடுவே ரயில் நிலையத்தின் பெயரைக் கண்டு அகராதியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாலே நாலு வரி. நிலைய வாசலில் வெளிநாட்டவர்களுக்கிடையே கைகலப்பு, ஒருவர் காயம். அவ்வளவுதான். அந்த ஒருவர் எங்கள் விடுதியின் இரண்டாம் மாடியில் இருந்தவர். கைகலந்ததாகச் சொல்லப்பட்ட மற்றவர், நான் அதை வாசித்த நேரத்தில், எனக்கு எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் தள்ளியிருந்த சிறு நகரத்தில், மூடிப்போன தையல் தொழிற்சாலை ஒன்றை அகதி விடுதியாக்கி எங்களை வைத்திருந்தார்கள். வேலை செய்ய அனுமதி இல்லை. மாவட்ட எல்லையைத் தாண்டவும் அனுமதி இல்லை. விண்ணப்பத்துக்குப் பதில் வரும்வரை சாப்பிடலாம், தூங்கலாம், காத்திருக்கலாம். அங்கே ஒருவரையும் ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பெயர் அரசாங்கக் கந்தோர்களுக்கு உரியது, எங்களுக்குள் ஊரில் பார்த்த தொழில்தான் பெயர். யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்ததால், கணவரோடு அங்கே இருந்த நான் ரீச்சர். பருத்தித்துறை பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர் கொண்டக்டர். நீர்வேலிக்காரரான மூன்றாமவரைத் தபால்கந்தோர் அண்ணை என்போம், நாளடைவில் அதுவும் தேய்ந்து வெறும் அண்ணையாகிவிட்டது. நாற்பத்தைந்து வயது, கலியாணம் கட்டாதவர், யாருக்குக் கடிதம் வந்தாலும் முத்திரையைக் கேட்டு வாங்கிப் பார்ப்பவர். கொண்டக்டரும் அவரும் ஒரே அறை. சமைப்பது ஒருவர், கழுவுவது மற்றவர். ஊரில் இருவருக்கும் முன்பின் அறிமுகம் இல்லை.

நடந்தது இதுதான். சனிக்கிழமை பின்னேரம் இருவரும் ரயில் நிலைய வாசலில் இருந்த தொலைபேசிக் கூட்டுக்குப் போயிருக்கிறார்கள். அண்ணை உள்ளே நின்று பேசிக்கொண்டிருந்தபோது மூன்று இளைஞர்கள் வந்து கதவைத் திறந்து அவரை வெளியே இழுத்திருக்கிறார்கள். என்ன சொல்லித் திட்டினார்கள் என்று கொண்டக்டருக்குப் புரியவில்லை, ஒரு சொல்லைத் தவிர. அந்த ஒரு சொல் எங்கள் எல்லோருக்கும் புரியும். ஒருவன் அடித்தான், இன்னொருவன் தள்ளினான், கற்படியின் விளிம்பில் அண்ணையின் தலை பட்டது. கொண்டக்டர் அவர் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு கத்தினார். பொலிஸ் வந்தபோது இளைஞர்கள் இல்லை. கையெல்லாம் இரத்தத்தோடு, ஒருவருக்கும் விளங்காத மொழியில் கத்தும் ஒரு கறுத்த மனிதர்தான் அங்கே இருந்தார். அவர்கள் கண்டதை எழுதிக்கொண்டார்கள். அதுதான் அந்த நாலு வரி.

அடுத்த கிழமை ஒரு பெண் விடுதிக்கு வந்தார். தேவாலயத்திலிருந்து எங்களுக்குக் கம்பளி கொண்டுவரும் பெண்கள் யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதே பத்திரிகையின் செய்தியாளர். நாங்கள் அவரைப் பத்திரிகையம்மா என்போம். என்னைவிட ஐந்தாறு வயதுதான் கூட, குட்டையாக வெட்டிய தலைமயிர், ஓயாமல் புகைப்பார். சமையலறைக் கதிரையில் உட்கார்ந்து குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார். அவருக்கு ஆங்கிலம் நன்றாக வரும். கொண்டக்டர் தமிழில் சொல்ல, நான் ஆங்கிலத்தில் சொல்ல, அவர் ஜெர்மன் மொழியில் எழுதினார்.

"அண்ணையை வெளியில இழுத்தவங்கள் ரீச்சர். நான் மறிக்க வெளிக்கிட, ஒருத்தன் எனக்கும் அடிச்சவன். அண்ணை விழுந்திட்டார். அண்ணை, அண்ணை எண்டு கூப்பிடுறன், கண்ணைத் திறக்கேல்லை" என்றார் கொண்டக்டர்.

பத்து வருடம் கரும்பலகையில் நான் எழுதியது கையோடு வந்துவிட்டது. அண்ணை என்றால் மூத்த சகோதரன், தம்பி என்றால் இளைய சகோதரன். மூத்த சகோதரனை இழுத்தார்கள், மூத்த சகோதரன் விழுந்தார், மூத்த சகோதரன் கண்ணைத் திறக்கவில்லை என்று வரிவரியாகச் சொன்னேன். பிழை என்று ஒரு கணமும் தோன்றவில்லை. கொண்டக்டரை நானே தம்பி என்றுதான் கூப்பிட்டேன். தமிழில் அது உறவுமல்ல, பொய்யுமல்ல, வாயைத் திறந்தால் வருவது. சகோதரன் என்ற இடமெல்லாம் பத்திரிகையம்மாவின் பென்சில் சற்று அழுத்தி எழுதியதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சனிக்கிழமைப் பத்திரிகையில் அரைப்பக்கம் வந்தது. "என் அண்ணன் கண்ணைத் திறக்கவில்லை" என்பது தலைப்பு. கொண்டக்டரின் முகம் பெரிதாக. இரண்டு சகோதரர்கள் போரிலிருந்து தப்பி ஓடிவந்தார்கள், நமது ரயில் நிலைய வாசலில் ஒருவர் வீழ்த்தப்பட்டார், நமது பொலிஸ் அதைக் கைகலப்பு என்று எழுதி மூடியது, இது நமது ஊருக்குத் தகுமா என்று கேட்டிருந்தார். அடுத்த சனியும் வந்தது, அதற்கடுத்த சனியும் வந்தது. மூன்றாவது கிழமை ஒரு சிறு படிவத்தையும் அச்சிட்டார்கள். வெட்டியெடுத்து, கையெழுத்திட்டு, அரச வழக்குரைஞர் அலுவலகத்துக்கு அனுப்பவேண்டும். சகோதரனுக்கு நீதி வேண்டும் என்று அதில் இருந்தது. பேக்கரிக்காரி அதை வெட்டிக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்து, பாண் வாங்க வருபவர்களிடமெல்லாம் பேனாவை நீட்டினாள். அதுவரை எங்களைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போன கிழவர் ஒருவர் கொண்டக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். போரில் தன் தம்பியை இழந்தவர் என்று பிறகு அறிந்தோம்.

பத்திரிகை செய்ததைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. அது இல்லாவிட்டால் வழக்கே இல்லை. மூடிய கோப்பைத் திறந்தார்கள். ஒருமுறையும் எங்கள் வாசலை மிதிக்காத பொலிஸார் இருவர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, கொண்டக்டரின் வாக்குமூலத்தை மூன்று மணி நேரம் எழுதினார்கள். மூன்று இளைஞர்களும் பிடிபட்டார்கள், மூவரும் இருபதைத் தாண்டியவர்கள். அடிபட்ட இரண்டு வெளிநாட்டவருக்காக அந்த ஊர் பேனா எடுத்திருக்குமா என்று அன்றும் யோசித்தேன், இன்றும் யோசிக்கிறேன். எடுத்திராது என்றுதான் நினைக்கிறேன். ஒரு அண்ணனும் தம்பியும் என்றதும் எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

நாலாவது கிழமை பத்திரிகையம்மா மறுபடி வந்தார். விடுதியில் யாரோ சொன்னதை அரைகுறையாகக் கேட்டிருக்கவேண்டும். சிகரெட்டைப் பற்றவைக்காமல் விரலில் வைத்துக்கொண்டு, "இருவரும் ஒரே தாயின் பிள்ளைகள்தானே?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்குப் பிழை விளங்கியது. கொண்டக்டர் பக்கத்தில் நின்றார், அவருக்கு ஆங்கிலம் தெரியாது. முதல்நாள்தான் பொலிஸ் வந்து போயிருந்தது. இல்லை என்று சொன்னால் எல்லாம் கலைந்துவிடும் என்று பயந்தேன். ஆம் என்றேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு சிகரெட்டைப் பற்றவைத்தார். அவர் போனபின், என்ன கேட்டவ என்று கொண்டக்டர் கேட்டார். சொன்னேன். அவர் பிடரியைத் தடவினார்.

"அப்பிடியே சொல்லிப்போட்டீங்கள்?"

"ஓம்."

"பறவாயில்லை ரீச்சர். அண்ணைதானே."

அண்ணை இறக்கவில்லை. ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து அவரைப் பக்கத்து மாவட்டத்துச் சிகிச்சை நிலையம் ஒன்றுக்கு மாற்றினார்கள். வலது பக்கம் அசையாது, பேச்சு போய்விட்டது. அங்கே போவதென்றால் எல்லையைத் தாண்டவேண்டும், அதற்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஒவ்வொரு மாதமும் ஒரு Antrag, அதாவது விண்ணப்பம், கொடுக்கவேண்டும். நானும் கொண்டக்டரும் போனோம். அதுவரை எங்களை நிமிர்ந்து பார்த்தறியாத அந்த அலுவலகப் பெண் கொண்டக்டரின் முகத்தைப் பார்த்ததும் எழுந்து கதிரையை இழுத்துப் போட்டாள். பத்திரிகை வாசித்திருந்தாள். படிவத்தை எங்களிடம் தரவேயில்லை. தானே நிரப்பினாள். நோயாளிக்கு என்ன உறவு என்ற கட்டத்தில் சகோதரன் என்று தன் கையால், அழகான எழுத்தில் எழுதி, முத்திரையும் குத்தித் தந்தாள். நாங்கள் நன்றி சொல்லிவிட்டு வந்தோம்.

இரண்டொரு முறை நானும் கூடப் போயிருக்கிறேன். கொண்டக்டர் கட்டிலருகே உட்கார்ந்து அண்ணைக்கு முகம் வழிப்பார், நகம் வெட்டுவார், பிறகு பஸ் ஓடுவார். அவர் அப்படித்தான் சொன்னார். யாழ்ப்பாணத்தில் வெளிக்கிட்டு, கல்வியங்காடு, இருபாலை, கோப்பாய் என்று தரிப்பிடங்களை ஒவ்வொன்றாகக் கூவுவார். தாதிகள் கதவில் நின்று சிரிப்பார்கள். ஒரு நாள் நீர்வேலி என்றதும், மூன்று மாதமாக ஒரு சொல்லும் பேசாத அண்ணை வாயைக் கோணி "இறக்கம்" என்றார். பஸ்ஸில் இறங்குகிறவர் சொல்லுவது போலவே. மருத்துவர் வந்து கேட்டுவிட்டு, சகோதரர் தவறாமல் வரவேண்டும், இதைவிட நல்ல சிகிச்சை எங்களிடம் இல்லை என்றார். திரும்பி வரும் ரயிலில் கொண்டக்டர் வழிநெடுக யன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். சந்தோசமாக இருந்தார். எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது, அதற்கு அடியில் எதுவோ ஒன்று விறைத்துக் கிடந்தது.

வழக்கு அடுத்த வருடம் வந்தது. நீதிமன்றம் தனக்கென்று ஒரு மொழிபெயர்ப்பாளரை அழைத்திருந்தது. தமிழ்நாட்டிலிருந்து ஆராய்ச்சி செய்ய வந்திருந்த ஒருவர், மரியாதையான மனிதர், சட்டைப்பையில் இரண்டு பேனா. அவருக்கு எங்கள் பேச்சு பாதிதான் பிடிபடும் என்பது முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. நான் பார்வையாளர் வரிசையில் இருந்தேன். இளைஞர்களின் வழக்கறிஞர் எழுந்து, மிக அமைதியாக, இருவரும் உடன்பிறந்தவர்களா என்று கேட்டார். சத்தியம் செய்திருந்த கொண்டக்டர், இல்லை என்றார். வழக்கறிஞர் பத்திரிகையை விரித்துக் காட்டினார். வெளிநாட்டவர் அலுவலகப் படிவங்களைக் காட்டினார். தனக்குச் சகோதரிகள் மூவர், சகோதரர் இல்லை என்று கொண்டக்டர் தன் அகதி விசாரணையில் சொன்னதையும் வாசித்தார். பிறகு, பத்திரிகைக்கு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டார்.

"நான் அண்ணை எண்டு மட்டும்தான் சொன்னனான்" என்றார் கொண்டக்டர்.

மொழிபெயர்ப்பாளர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, சுத்தமான ஜெர்மன் மொழியில் சொன்னார்: "தான் சகோதரன் என்று மட்டும்தான் சொன்னதாகச் சொல்கிறார்."

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. பெரிய சிரிப்பல்ல. நீதிபதியும் வாயைக் கையால் மறைத்துக்கொண்டார். கொண்டக்டர் எதற்கென்று விளங்காமல் தானும் இலேசாகச் சிரித்தார். நான் எழுந்து சொல்லியிருக்கலாம். எங்கள் மொழியில் அந்தச் சொல் என்ன செய்யும் என்பதை இரண்டு வசனத்தில் விளக்க, அந்தக் கட்டடத்திலேயே என்னை விட்டால் ஆள் இல்லை. ஆனால் எழுந்தால், பத்திரிகையம்மாவுக்கு ஆம் என்று சொன்னது யார் என்ற கேள்வி வரும். எங்கள் அகதி விண்ணப்பமும் இன்னும் அதிகாரிகளின் மேசையில் கிடந்தது, என்னுடையதும் கணவருடையதும். என் கைகள் மடியில் இருந்தன. அவை வேறு யாருடையவோ போலத் தெரிந்தன. நான் எழவில்லை. தன் நன்மைக்காகப் பத்திரிகையிடமும் ஆஸ்பத்திரியிலும் அரசாங்கத்திடமும் பொய் சொன்ன ஒருவர், மூன்று இளைஞர்களின் முகத்தைப் பற்றி மட்டும் உண்மை சொல்கிறார் என்று எப்படி நம்புவது என்று வழக்கறிஞர் கேட்டார். இந்தச் சாட்சியை உண்டாக்கியதே பத்திரிகைதான் என்றும் சொன்னார். வேறு சாட்சி இல்லை. சந்தேகத்தின் பலனை மூவருக்கும் கொடுத்து விடுவித்தார்கள்.

பத்திரிகை ஒரு சிறு பெட்டிச் செய்தியில் தன் வாசகர்களிடம் வருத்தம் தெரிவித்தது. தவறான தகவல் தரப்பட்டதாம். படிவங்கள் நின்றன. பேக்கரிக்காரி தொடர்ந்து கட்டுகளை வைத்தாள், ஆனால் கொண்டக்டரின் படம் வந்ததிலிருந்து கதவைத் தட்டிச் சொல்லிக்கொண்டிருந்ததை விட்டுவிட்டாள். பத்திரிகையம்மா ஒரே ஒரு முறை வந்தார். உட்காரவில்லை. "அயலவர் என்று சொல்லியிருந்தாலும் நான் எழுதியிருப்பேன்" என்றார். அவர் அதை நம்பித்தான் சொன்னார். நான் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை. தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டேன். வேண்டாம் என்று போய்விட்டார். கொஞ்சக் காலத்துக்குப் பிறகு அவருடைய பெயர் தோட்டக்கலைக் கண்காட்சி, நாய்க் கண்காட்சிச் செய்திகளுக்குக் கீழே வரத் தொடங்கியது. நான் அப்போது அந்தப் பத்திரிகையை வாசிக்கப் பழகியிருந்தேன்.

இப்போது நான் இதே மொழிபெயர்ப்பு வேலையைச் சத்தியப்பிரமாணம் செய்து செய்கிறவள். நீதிமன்றம், ஆஸ்பத்திரி, வெளிநாட்டவர் அலுவலகம் என்று நாளுக்கொரு Termin, நேரம் குறித்த சந்திப்பு. யாராவது அண்ணை, அக்கா என்று வாயெடுத்தால் பேச்சை நிறுத்தி, கூடப்பிறந்தவரா என்று கேட்டுவிடுவேன். சிலருக்கு எரிச்சல் வரும். சொந்தமில்லாட்டி அண்ணை எண்டு சொல்லக் கூடாதோ என்று ஒருவர் ஏசியும் இருக்கிறார். சொல்லலாம், எனக்கு எழுதத் தெரியவேண்டும் என்றேன். நல்ல மொழிபெயர்ப்பாளர் என்று பெயர் எடுத்திருக்கிறேன். அந்தப் பெயரைக் கேட்கும்போது பெருமையும் வருவதில்லை, வெட்கமும் வருவதில்லை. மற்றவர்களின் கதையைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

தீர்ப்பு வந்த அடுத்த மாதம் கொண்டக்டரோடு மறுபடி அனுமதி கேட்கப் போனேன். அதே பெண்தான் இருந்தாள். எழவில்லை. கண்ணாடித் துவாரத்தின் கீழால் வெற்றுப் படிவத்தைத் தள்ளிவிட்டு வேறு வேலையைப் பார்த்தாள். சுவரோரமாக நின்றபடி நான் நிரப்பினேன். பெயர், பிறந்த இடம், விடுதி முகவரி. உறவு என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர் என்று அச்சடித்திருந்தது. எதிலும் புள்ளடி போட முடியாது. கடைசியில் ஒரு வெற்றுக்கோடு இருந்தது. அகராதி கைப்பையில் இருந்தது, ஆனாலும் எடுக்கவில்லை. எனக்குத் தெரிந்த சொல்லையே அந்தக் கோட்டில் எழுதினேன்.

"என்ன எழுதினனீங்கள் ரீச்சர்?"

"தெரிஞ்சவர் எண்டு."

அவர் அந்தச் சொல்லைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். வாசிக்கத் தெரியாத எழுத்து.

"ஓம். அதுவும் உண்மைதானே" என்றார். கையெழுத்து வைத்தார்.

அனுமதி கிடைக்கவில்லை. அடுத்த மாதமும் கேட்டோம், அதற்கடுத்த மாதமும் கேட்டோம். மாசி மாதம் அண்ணை அங்கே இறந்துபோனார். அது எங்களுக்குத் தெரியவந்தது பங்குனி கடைசியில், நானாகத் தொலைபேசியில் கேட்டபோது. ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டேன். தாதி கோப்பைப் புரட்டும் சத்தம் கேட்டது. முன்னர் ஒரு சகோதரரின் பெயர் இருந்ததாம். பிறகு யாரோ அதன் மேல் கோடு போட்டிருக்கிறார்களாம். அறிவிப்பதற்கு உறவினர் என்று எவரும் இல்லை என்றாள்.

கொண்டக்டர் எனக்குப் பக்கத்தில் நின்றார். என்ன சொல்லுகினம் என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.